நாற்காலியின் அடிப்பக்கம்

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
ஆகஸ்ட் 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை, எனக்கு வாய் குறையவில்லை. இதையும் எழுதச் சொன்னது அவள்தான். மூன்று நாளாக வெயிலைக் கண்ணில் காணோம். பட்டறைக் கதவைத் திறந்தால் மேகம் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி துடைத்து எண்ணெய் தடவி வைத்த உளியில் காலையில் துரு.

கோபன்ஹேகன் மியூசியத்தில் நீ எடுத்து அனுப்பிய படங்களை அத்தை விரலால் பெரிசு பண்ணிக் காட்டினாள். நாற்காலி ஒவ்வொன்றையும் தனித்தனி மாடத்தில் வைத்து, விளக்குப் போட்டு, சாமி மாதிரியல்லவா வைத்திருக்கிறார்கள்! ‘இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா மாமா?’ என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய். உன் அம்மாவும் அப்படித்தான். அதனால்தான் கடிதம்.

தெரியும் பாப்பா. அந்தச் சாதியில் இரண்டு இப்போது என் பட்டறையிலேயே கிடக்கின்றன.

ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களா கை மாறியது. சாமான்களை ஒழித்தபோது இரண்டு சாய்வு நாற்காலிகளை ஜீப்பில் போட்டு என்னிடம் அனுப்பினார்கள். இரண்டுக்கும் வெள்ளை எனாமல் பெயின்ட். ரப்பர் பட்டை இற்று, மெத்தை நாறி, ஒன்றுக்குக் கை ஆடியது. ‘முடிந்தால் சரிபண்ணுங்க, இல்லாவிட்டால் அடுப்புக்கு வச்சுக்கங்க’ என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் ஒன்றை ஒரு கையால் தூக்கினேன். தூக்கியதும் சந்தேகம் வந்தது. நம் ஊரில் இந்த அளவு நாற்காலியைத் தூக்க இரண்டு கையும் கொஞ்சம் இடுப்பும் வேண்டும். ஓரமாகப் பெயின்டைச் சுரண்டினேன். தேக்கு. கவிழ்த்துப்போட்டுச் சுரண்டினேன். சட்டத்தின் உள்பக்கம் சூடு போட்டு வைத்த எழுத்து, ‘மேட் இன் டென்மார்க்’. அதற்கு மேலே செய்தவர் பெயர் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தை அவசரத்தில் நான்தான் சுரண்டித் தின்றுவிட்டேன். நாற்பது வருஷத் தொழில்காரன் செய்கிற காரியமா? அத்தையிடம்கூட இதைச் சொல்லவில்லை.

கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நாற்காலியில் முக்கால்வாசி அழகு கையில்தான் இருக்கிறது. முன்னால் ஒல்லியாகத் தொடங்குகிறது. உள்ளங்கை படிகிற இடத்தில் நம் ஏரிப் படகுத் துடுப்பு மாதிரி அகலுகிறது. முழங்கை வரும்போது மறுபடி இளைத்து, சரிந்து, பின்காலுக்குள் போய் மறைகிறது. எங்கே கை முடிந்தது, எங்கே கால் தொடங்கியது என்று விரலால் தடவினால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் அரை இஞ்சுப் பலகை போலிருக்கிறது. உண்மையில் நடுவில் ஒன்றேகால் இஞ்சு கனம். அடி விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டிருக்கிறான், அதனால் கண் ஏமாந்துபோகிறது. பலம் உள்ளே இருக்கிறது, ஒல்லி வெளியே தெரிகிறது. இப்படி ஒரு கைக்கு எவ்வளவு கனமான கட்டையை எடுத்து எவ்வளவு சீவலாகத் தள்ளியிருப்பான் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இன்றைக்குத் தேக்கு விற்கிற விலையில் அந்தச் சீவலை நகைக்கடையில் நிறுத்து விற்கலாம்.

இன்னொன்று, அதன் முதுகு. நாம் செய்கிற நாற்காலிக்கு முகம் மட்டும்தான் உண்டு. சுவரை ஒட்டிப் போடுகிற சாமான் என்பதால் பின்பக்கத்தை யாரும் இழைப்பதில்லை, பாலிஷும் ஒரு கை குறைவாகவே போடுவோம். நானே அப்படித்தான் செய்து காசு வாங்கியிருக்கிறேன். இதற்கு முதுகிலும் முகம் இருக்கிறது. அறைக்கு நடுவே போட்டு, எல்லாப் பக்கமும் ஆள் நடக்கட்டும் என்று நினைத்துச் செய்தது.

சரி, ஆடுகிற கைக்கு வருவோம். உனக்கு மரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். மரம் வெட்டி நூறு வருஷம் ஆனாலும் மூச்சு விடுகிற சாதி. மழையில் ஊதும், வெயிலில் வற்றும். ஆனால் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். கழுந்தும் துளையும் சேர்கிற இடத்தில் ஒரு கட்டையின் ரேகை படுத்திருக்கும், இன்னொன்றின் ரேகை நின்றிருக்கும். ஒன்று ஊதுகிற பக்கம் மற்றது ஊதாது. இந்தச் சண்டையில் நடுவே மாட்டிக்கொள்வது பசை. ஹீட்டர் போட்டுக் காய்கிற வீட்டுக்காகச் செய்த நாற்காலியைக் கொண்டுவந்து கொடைக்கானல் மேகத்தில் அறுபது வருஷம் உட்கார வைத்தால் பசை எத்தனை நாள் தாங்கும்?

ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. வெந்நீரில் துணியை நனைத்து மூட்டில் சுற்றி, கொஞ்சம் வினிகரும் விட்டு, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். பசை கரைந்து கொடுத்தது. கொட்டாப்புளியால் இரண்டு தட்டு, கை தனியாக வந்துவிட்டது. உள்ளே இருந்தது என் அப்பா காய்ச்சுவாரே, வஜ்ஜிரம், மாட்டுத்தோலில் எடுக்கிற பசை, அதே சாதி. பட்டறையெல்லாம் அந்த வாடை. நான் ஒரு நிமிஷம் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

வஜ்ஜிரத்தில் ஒட்டினதைப் பிரிக்கலாம். இப்போது வருகிற பசையில் ஒட்டினதை உடைக்கத்தான் முடியும். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது ஒரு வீட்டுப் பழைய ஈட்டி மர நாற்காலியை வாங்கிவந்து, மூட்டுக்கு மூட்டு வெள்ளைப் பசையைக் கொட்டி, போதாதென்று நாலு ஆணியும் அடித்து, கல் மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். ரொம்பப் பெருமை. மூன்று மழைக்காலம் கழித்துத் திரும்பி வந்தது. மூட்டு அப்படியே இருந்தது, மூட்டுக்குப் பக்கத்தில் மரம் நீளமாகப் பிளந்திருந்தது. அசைய இடம் கொடுக்காததால் மரம் தானே இடம் செய்துகொண்டது. அப்பா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பிளந்த கட்டையை எடுத்து என் இழைப்பு மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. நீ சின்ன வயசில் ‘அது என்ன மாமா?’ என்று கேட்டபோது ‘முதலைவாய்’ என்று சொல்லி ஏமாற்றினேன்.

இப்போது உன் மியூசியத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய தடிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஆறு மாதமாகப் படிக்கிறேன். அந்த மியூசியக் கட்டிடம் 1750-களில் ஆஸ்பத்திரியாகக் கட்டியது என்று உனக்குத் தெரியுமா? 1920-களில் அதை மியூசியமாக மாற்றிய வேலையில் இருந்த ஒருவர் கோரே கிளிண்ட். 1924-இல் அந்த ஊர் அரசக் கலைக்கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது அவர்தான் வாத்தியார். பிள்ளைகளைப் புதிதாக எதையும் வரையச் சொல்லவில்லையாம். பழைய நாற்காலிகளைக் கொண்டுவந்து வைத்து, அங்குலம் அங்குலமாக அளந்து வரை என்பாராம். மனுஷ உடம்பையும் அளக்கச் சொல்வார். உட்கார்ந்தால் முழங்கால் எந்த உயரம், முதுகு எங்கே வளைகிறது, கை எங்கே தொங்குகிறது என்று. என் அப்பா பள்ளிக்கூடம் போகாத கிளிண்ட் என்று வைத்துக்கொள்ளேன். அவரும் யாருக்காவது ஈஸி சேர் செய்வதென்றால் முதலில் அந்த ஆளைத் திண்ணையில் உட்கார வைத்துச் சாணும் விரற்கடையும் போட்டு அளப்பார்.

அந்தக் கிளிண்ட் 1933-இல் செய்த ஒரு நாற்காலிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சஃபாரி நாற்காலி என்று பெயர். நாலு கடைசல் கால், நாலு குறுக்குச் சட்டம், கேன்வாஸ், கைக்குத் தோல் பட்டை, அவ்வளவுதான். பசை கிடையாது, ஆணி கிடையாது. குறுக்குச் சட்டத்தின் நுனியைக் கூம்பாகச் சீவிக் காலில் கூம்புத் துளை போட்டுச் செருகியிருக்கும். சும்மா நிற்கும்போது லொடலொடவென்று ஆடும். ஆள் உட்கார்ந்ததும் கேன்வாஸ் இழுத்து, எல்லா மூட்டும் தானாக இறுகிக்கொள்ளும். மேடு பள்ளமான தரையில் போட்டாலும் நாலு காலும் தரையைத் தொடும். எழுந்து, உருவிச் சுருட்டிக் கட்டினால் தோளில் போட்டுக்கொண்டு போகலாம்.

இதை அவர் எங்கேயிருந்து எடுத்தார் தெரியுமா? நம் நாட்டிலிருந்து. வடக்கே ரூர்க்கியில் வெள்ளைக்காரன் பட்டாளத்து எஞ்சினியர்கள் முகாம் இருந்ததே, அந்த ஊர்ப் பெயரிலேயே ரூர்க்கி நாற்காலி என்று ஒன்று 1800-களின் கடைசியில் பட்டாளத்தோடு சுற்றியது. கூடாரம் கூடாரமாக மாறுகிறவனுக்காகச் செய்தது. கிளிண்ட் அதைப் பார்த்து, அளவை நேர்த்தியாக்கி, கோபன்ஹேகன் பட்டறைக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு அதை டென்மார்க் நாற்காலி என்று மாடத்தில் வைத்து விளக்குப் போடுகிறார்கள். குறை சொல்லவில்லை. அவர் எடுத்ததை ஒளிக்கவில்லை, எடுத்ததைக் கெடுக்கவும் இல்லை.

நம் மலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. லாஸ் காட் ரோடு வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் இறங்கி, அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் தோளில் தூக்கும் நாற்காலியிலோதான் வருவார்கள். பியானோ வந்தாலும் பீரோ வந்தாலும் மனுஷத் தோள்தான். என் தாத்தா அந்தப் பாதையில் சுமை தூக்கியவர். ஒரே துண்டாகச் செய்த சாமானைக் கண்டால் அவர் வாயில் வருகிற வார்த்தையை உனக்கு எழுத முடியாது. பிரித்து ஏற்றி மேலே வந்து பூட்டுகிற சாமான் செய்தவனை மட்டும் ‘மனுஷன்’ என்பார். எங்கள் குடும்பத்தில் நாற்காலிக்கு மார்க்குப் போட்டது அப்போதிருந்தே அப்படித்தான்.

கிளிண்டுக்கு அப்புறம் வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபின் யூல் என்பவர் தச்சர் இல்லை, கட்டிடக்காரர். கோபன்ஹேகனில் மரவேலைச் சங்கத்தார் 1927-இலிருந்து 1966 வரை வருஷா வருஷம் கண்காட்சி நடத்தினார்கள். அதில் 1949-இல் அவர் ஒரு பெரிய நாற்காலி வைத்தார். செய்து கொடுத்தவர் நீல்ஸ் வோடர் என்ற தச்சர். திறப்பு விழாவுக்கு வந்த ராஜா ஒன்பதாம் ஃபிரெடரிக் அதில் உட்கார்ந்து பார்க்க, ‘ராஜா நாற்காலி என்று பெயர் வையுங்கள்’ என்று யாரோ சொல்ல, யூல் ‘தலைவன் நாற்காலி போதும்’ என்றாராம். அதைப் படத்தில் பார், உட்காரும் மெத்தையும் சாயும் மெத்தையும் மரச்சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும். வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது கொஞ்சம் அலட்டல். செய்த தச்சன் எத்தனை ராத்திரி தூங்கியிருக்க மாட்டான் என்றுதான் தோன்றுகிறது.

எனக்குப் பிடித்தவர் ஹான்ஸ் வெக்னர். செருப்புத் தைப்பவர் மகன், பதினாலு வயதில் தச்சரிடம் வேலைக்குப் போனவர். ஆயுளில் ஐந்நூறு நாற்காலிக்கு மேல் வரைந்தார். 1949-இல் அவர் செய்த வட்ட நாற்காலியில் கையும் முதுகும் ஒரே வளையமாக ஓடும். அவ்வளவு வளைந்த ஒரே கட்டை எந்த மரத்திலும் கிடைக்காது, துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டும். முதலில் செய்ததில் அந்தச் சேர்ப்பு வெளியே தெரியக் கூடாதென்று முதுகைப் பிரம்பால் சுற்றிவிட்டார். அடுத்து என்ன தோன்றியதோ, பிரம்பை எடுத்துப்போட்டுவிட்டு, சேர்ப்பை விரல் கோத்த மாதிரிப் பல் பல்லாக வெட்டி எல்லோரும் பார்க்கும்படி விட்டார். பிரம்பு இருந்த நாற்காலியை விட அது அழகு. 1960-இல் அமெரிக்காவில் கென்னடியும் நிக்சனும் டிவியில் வாதம் செய்தபோது உட்கார்ந்தது அதில்தான். கென்னடி முதுகுவலிக்காரர், பாவம், அவருக்காவது புரிந்திருக்கும்.

மூட்டை மறைக்காமல் விடுவதற்குத் தைரியம் வேண்டும் பாப்பா. மறைத்தால் பாலிஷ் காப்பாற்றும், மெழுகு காப்பாற்றும். வெளியே விட்டால் உளி பிசகினதெல்லாம் ஆயுசுக்கும் தெரியும். எனக்கு அந்தத் தைரியம் ஐம்பது வயசுக்கு மேல்தான் வந்தது.

வெக்னரே 1950-இல் செய்த ஒரு தாழ்ந்த சாய்வு நாற்காலிக்கு இருக்கையும் முதுகும் காகிதக் கயிற்றில் பின்னியிருக்கும். காகிதத்தை முறுக்கித் திரித்த கயிறு! ஒரு நாற்காலிக்குச் சுமார் 400 மீட்டர். கைதேர்ந்தவருக்கே பின்ன பத்து மணி நேரம் ஆகுமாம். ‘காகிதத்தில் எவன் உட்காருவான்?’ என்று அத்தை சிரிக்கிறாள். கட்டில் பின்னிய அவள் அப்பா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்க்கக் கேட்டிருப்பார். ஓக் மரச் சாமானைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. அது நிஜமா என்று யாரிடமாவது விசாரித்து எழுது. இங்கே சோப்புப் போடுவது தரைக்குத்தான்.

தேக்கு டென்மார்க்கில் முளைக்காது. 1897-இல் தொடங்கிய கிழக்காசியக் கம்பெனி என்ற டேனிஷ் வியாபாரிகள் சயாமில் தேக்கு வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். உலகப்போர் முடிந்தபின் தேக்கு தாராளமாக வந்ததும் அந்த ஊர்ப் பட்டறைகள் அதைப் பிடித்துக்கொண்டன. தேக்கில் மணல் சத்து உண்டு, உளியைத் தின்னும். நம் ஆட்கள் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தோம். அவர்கள் கார்பைடு பல் வைத்த ரம்பம் போட்டு மெஷினில் அறுத்து, கடைசி மெருகை மட்டும் கைக்கு விட்டார்கள். கையா மெஷினா என்று நம் பட்டறையில் இன்னும் சண்டை போடுகிறோம். அவர்கள் அந்தச் சண்டையே போடவில்லை. பேர் மட்டும் பார், உலகம் பூராவும் ‘டீக்’ என்று சொல்வது நம் ‘தேக்கு’ போர்த்துகீசியர் வாயில் நுழைந்து ஊர் சுற்றிய சொல். நீ அங்கே கடையில் ‘டீக்’ என்று கேட்கும்போதெல்லாம் தமிழும் மலையாளமும் பேசிக்கொண்டிருக்கிறாய்.

இதில் ஒரு வேடிக்கை. டேனிஷ்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள், 1845-இல் இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அதே 1845-இல்தான் மதுரை அமெரிக்கப் பாதிரிமார் இந்த மலையில் முதல் இரண்டு பங்களாவைக் கட்டினார்கள். டேனிஷ்காரர்கள் கடற்கரையை விட்டுப்போன வருஷம், இங்கே நாற்காலி போட முதல் வராந்தா எழுந்திருக்கிறது.

டென்மார்க் வரை போகாமலே இந்த மாதிரி மரவேலை ஒன்று பார்க்கலாம். பாண்டிச்சேரி ஆசிரமத்தில் கோல்கொண்டே என்று ஒரு விடுதி. அன்டோனின் ரேமண்ட் வரைந்த கட்டிடம். அதைக் கட்ட 1930-களின் கடைசியில் வந்து தங்கிய ஜார்ஜ் நாகஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர் அங்கேயே தேக்கில் கட்டில், நாற்காலி எல்லாம் வரைந்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். பிற்பாடு அமெரிக்காவில் பெரிய மரவேலைக்காரர் ஆனார். அடுத்த முறை நீ வரும்போது போகலாம். உள்ளே விடுவார்களோ என்னவோ, வாசலில் நின்றாவது பார்ப்போம்.

என் பட்டறையில் இருக்கிற இரண்டு நாற்காலிக்கு வருகிறேன். ஒரு வியாபாரி வந்து பார்த்தான். அடிப்பக்கத்து எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு தொகை சொன்னான். எனக்குத் தலை சுற்றியது. பங்களாக்காரரிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டேன். அவர் யோசித்து, ‘ஒன்றை எனக்குச் சரிபண்ணிக் கொடுங்கள், இன்னொன்றைக் கூலிக்குப் பதிலாக நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். அத்தை உடனே விற்கச் சொன்னாள். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அதில் உட்கார்ந்து அரைமணி நேரம் தூங்கிவிட்டு எழுந்தாள். விற்கிற பேச்சு அதோடு நின்றது.

அவள் நாற்காலி ஆகிவிட்டதால் உனக்கு ஒன்று புதிதாகச் செய்யலாம் என்றிருக்கிறேன். தேக்கில் இல்லை. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பழைய பலா ஒன்று காற்றில் விழுந்து, பலகையாக அறுத்து இரண்டு வருஷமாக நிழலில் காய்கிறது. முதலில் மஞ்சளாக இருக்கும், நாளாக நாளாகத் தேன் நிறத்துக்கு வரும். சில்வர் ஓக்கில் ஒரு கை செதுக்கிப் பார்த்தேன். ஆரவாக்கில் அறுத்தால் மீன் செதில் மாதிரி மின்னுகிறது, பார்க்க ஆசைதான், ஆனால் இந்த ஈரத்தில் முறுக்கிக்கொண்டது. பலாதான் சரி. மூட்டுக்குப் பசை போடப்போவதில்லை. ரூர்க்கி மாதிரி கூம்புச் செருகல். பிரித்துப் பையில் போட்டு விமானத்தில் கொண்டுபோகலாம், அங்கே குளிரில் மரம் வற்றி ஆடினாலும் நீ உட்கார்ந்தால் இறுகிக்கொள்ளும்.

அதற்கு எனக்கு இரண்டு உதவி வேண்டும். மியூசியத்துக்கு மறுபடி போனால் அந்த சஃபாரி நாற்காலிக்கு முன்னால் குனிந்து, தோல் பட்டை காலைச் சுற்றி எப்படித் திரும்புகிறது என்று கீழேயிருந்து ஒரு போட்டோ எடு. காவல்காரர் முறைத்தால் மாமாவுக்கு என்று சொல். இரண்டாவது, பலகையில் உட்கார்ந்து, பாதம் தரையில் படிய வைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எவ்வளவு உயரம், மடிப்பிலிருந்து இடுப்புக்குப் பின்னால் வரை எவ்வளவு நீளம், தோளைத் தளர விட்டால் முழங்கை பலகைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, இந்த மூன்றையும் அளந்து எழுது. தையல் டேப் போதும். செருப்பைக் கழற்றிவிட்டு அள. தனியாக அளக்காதே, கூட இருக்கிற பெண்ணை அளக்கச் சொல். தானே குனிந்து அளந்தால் அளவு தப்பும்.

அன்புடன்,
மாமா

அத்தை பேரிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். உன் அம்மா அடுத்த வாரம் வத்தலக்குண்டுக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறோம்.